ஆண் விலங்கு எப்போது இணையைத் தேர்ந்தெடுக்கும்?

கேள்வி இதுதான்: பெண் மயில் தோகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது, பெண் தவளை குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறது என்றெல்லாம் படிக்கிறோம். ஆண்கள் தேர்ந்தெடுப்பதே கிடையாதா? கிடைத்த பெண்ணோடு சேர்ந்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போவதுதான் ஆணுக்கு லாபம் என்றால், வேண்டாம் என்று சொல்லும் ஆண் எப்படிப் பரிணமிக்க முடியும்?

ஆண்களும் தேர்ந்தெடுக்கின்றன. பூச்சி, சிலந்தி, மீன், பாம்பு, பறவை, குரங்கு என எல்லாக் கூட்டத்திலும் இதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் பெண் மயில் செய்வதை அப்படியே ஆணிடம் எதிர்பார்த்துத் தேடினால் கண்ணில் படாது. ஆணின் தேர்வு பெரும்பாலும் நேரத்துக்கு நேரம் மாறும் ஒரு கணக்கு. ஒருமுறை இணைசேர ஆணுக்கு என்ன செலவாகிறது, பெண்ணுக்குப் பெண் எவ்வளவு வித்தியாசம், அதே பெண்ணின் மேல் இன்னும் எத்தனை ஆண்களுக்குக் கண் இருக்கிறது ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் வரும். முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். மூன்றாவதை விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் சுவாரசியமே அந்த மூன்றாவதில்தான்.

முதலில், ஆண் தேர்ந்தெடுக்காது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பாலியல் தேர்வு பற்றி 1871-இல் எழுதிய டார்வினே, சில இடங்களில் ஆணும் தேர்ந்தெடுக்கிறது என்று குறித்திருக்கிறார். பிறகு 1948-இல் ஆங்கஸ் பேட்மேன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பழ ஈக்களைப் பாட்டிலில் அடைத்து ஒரு சோதனை செய்தார். இணைகளின் எண்ணிக்கை கூடக் கூட ஆணுக்குக் குஞ்சுகள் கூடின, பெண்ணுக்கு அந்த அளவுக்குக் கூடவில்லை என்பது அவர் கண்ட முடிவு. 1972-இல் ராபர்ட் டிரிவர்ஸ் இதைப் பொதுக் கோட்பாடாக வளர்த்தார். குட்டிக்காக யார் அதிகம் செலவழிக்கிறார்களோ அவர்கள் கறாராகத் தேர்ந்தெடுப்பார்கள், குறைவாகச் செலவழிப்பவர்கள் போட்டி போடுவார்கள் என்றார். முட்டை பெரியது, விந்தணு சிறியது, ஆகவே பெண் தேர்ந்தெடுப்பவள் என்று பாடப்புத்தகங்கள் அதைச் சுருக்கிக்கொண்டன.

பேட்மேனின் சோதனையை 2012-இல் பாட்ரீஷியா கோவாட்டியும் சகாக்களும் திரும்பச் செய்து பார்த்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. எந்தக் குஞ்சு யாருடையது என்று கண்டுபிடிக்க, உடலில் வெளிப்படையாகத் தெரியும் மரபணு மாற்றங்களைப் பேட்மேன் அடையாளமாக வைத்திருந்தார். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என இரண்டையும் வாங்கிக்கொண்ட குஞ்சுகள் பல, வளர்வதற்கு முன்பே செத்துப்போயின. அதனால் யாருக்கு எத்தனை இணை என்ற கணக்கே கோணலாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு டிரிவர்ஸ் சொன்னதே தப்பு என்று சிலர் கிளம்புகிறார்கள். அதுவும் மிகை. அவருடைய கோட்பாட்டை ஒழுங்காகப் படித்தால் அதில் ஆண், பெண் என்ற சொற்களுக்குத் தனி அந்தஸ்து இல்லை. யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்பதே கேள்வி. ஆண் அதிகம் செலவழித்தால் ஆண்தான் கறாராக இருக்க வேண்டும். அது நடக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விந்து மலிவு என்பதும் பாதி உண்மைதான். ஒரு விந்தணு மலிவு, ஆனால் அது தனியாகப் போவதில்லை. கோடிக்கணக்கில் போகிறது, கூடவே சுரப்புகள் போகின்றன, தீர்ந்தால் மறுபடி நிரம்ப நேரமும் ஆகிறது. ட்ரோசோஃபிலா பைஃபர்கா என்ற பழ ஈயின் ஒரே ஒரு விந்தணுவை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 5.8 சென்டிமீட்டர் வரும். ஈயின் நீளமோ சில மில்லிமீட்டர். தன் உடலைப்போல இருபது மடங்கு நீளமுள்ள அணுவைச் செய்யும் ஆணிடம் போய் விந்து மலிவு என்று சொல்ல முடியாது.

செலவு எப்படித் தேர்வாக மாறுகிறது என்பதைப் பார்க்க மார்மன் கிரிக்கெட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பெயரில்தான் கிரிக்கெட், சுவர்க்கோழி இனம் அல்ல. நீண்ட உணர்கொம்புள்ள வெட்டுக்கிளிகளுக்குச் சொந்தக்காரன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பறக்க முடியாத இந்தப் பூச்சிகள் லட்சக்கணக்கில் கூட்டமாக நடந்து போகும். ஆண் இணைசேரும்போது விந்தோடு கூட வெள்ளையாக, பசை போன்ற ஒரு பெரிய உணவுப் பொதியையும் பெண்ணின் உடலில் ஒட்டிவிடுகிறது. அதன் எடை ஆணின் உடல் எடையில் கால்வாசி அளவு. பெண் வளைந்து அந்தப் பொதியைக் கடித்துத் தின்னத் தொடங்கும், அந்த நேரத்தில் விந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். உடம்பில் கால்வாசியைக் கொடுத்த ஆண் அடுத்த நாளே இன்னொரு பெண்ணுக்குத் தயாராகிவிட முடியாது.

டேரில் க்வின் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடத்தை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். ஆண் குரல் கொடுத்ததும் பெண்கள் ஓடிவருகின்றன, ஒன்றை ஒன்று தள்ளிச் சண்டை போடுகின்றன. இந்த இனத்தில் இணைசேரப் பெண்தான் ஆணின் முதுகில் ஏற வேண்டும். ஏறிய பெண்ணை ஆண் கொஞ்ச நேரம் சுமந்து நிற்கும். பிறகு பல சமயம் விந்துப் பொதியைக் கொடுக்காமலேயே விலகி நடந்துவிடும். அப்படி ஒதுக்கப்பட்டவற்றையும் ஏற்கப்பட்டவற்றையும் க்வின் எடை போட்டுப் பார்த்தார். ஒதுக்கப்பட்டவை லேசானவை. எடை கூடிய பெண்களின் வயிற்றில் முட்டைகளும் அதிகம். ஆண் தன் முதுகையே தராசாக வைத்திருக்கிறது.

இதே க்வின், லீ சிம்மன்ஸுடன் சேர்ந்து 1990-இல் இன்னொரு படி மேலே போனார். மேற்கு ஆஸ்திரேலியாவில் மகரந்தம் தின்று வாழும் ஒரு வெட்டுக்கிளி வகையைக் கூண்டுகளில் வைத்து, சில கூண்டுகளில் கூடுதல் உணவு கொடுத்தார்கள், சிலவற்றில் கொடுக்கவில்லை. உணவு குறைந்த கூண்டுகளில் ஆண் தரும் பொதிக்காகப் பெண்கள் அடித்துக்கொண்டன, ஆண்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தன. உணவு நிறைந்த கூண்டுகளில் எல்லாம் தலைகீழ், அதாவது நாம் வழக்கம் என்று நினைப்பது. ஒரே இனம், ஒரே இடம், மாறியது சாப்பாடு மட்டும். ஆண் தேர்வைப் பற்றி ஒரே ஓர் ஆய்வைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

க்வினின் பெயர் வந்துவிட்டதால் ஒரு கிளைக்கதை. அவரும் டேவிட் ரென்ட்ஸும் 1983-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்கு 2011-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைப் பெரிய வண்டின் ஆண்கள், சாலையோரம் வீசப்பட்ட பழுப்பு நிற பீர் பாட்டில்களோடு இணைசேர முயன்றுகொண்டிருந்தன. பளபளப்பு, பழுப்பு நிறம், அடிப்பகுதியில் சின்னச் சின்னப் புடைப்புகள் என எல்லாமே பெண் வண்டின் முதுகைப்போல, ஆனால் எந்தப் பெண் வண்டையும்விடப் பெரியது. ஒரு வண்டை எறும்புகள் சூழ்ந்து கடித்துக்கொண்டிருந்தபோதும் அது பாட்டிலை விட்டு இறங்கவில்லை. சிரிப்பு வந்தாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிதாக இருந்தால் நல்லது என்ற விருப்பம் ஆணுக்குள் ஏற்கெனவே இருந்தால்தான் பாட்டில் அதை ஏமாற்ற முடியும்.

பெரிய பெண்ணை விரும்பக் காரணம் பெரும்பாலும் எளிது. மீன், பூச்சி, பாம்பு போன்றவற்றில் உடல் பெரிதானால் முட்டையும் குட்டியும் கூடும். மனிதரிலோ யானையிலோ ஒரு பிரசவத்துக்கு ஒன்றுதான் என்பதால் இந்த வித்தியாசம் அவ்வளவு இல்லை. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்ற இடத்தில், குளிர்காலம் முடிந்ததும் சுண்ணாம்புக் குழிகளிலிருந்து கார்ட்டர் பாம்புகள் ஆயிரக்கணக்கில் வெளியே வரும். ஒரு பெண்ணைச் சுற்றி ஆண்கள் பந்தாகச் சுருண்டு கிடக்கும். அந்தக் குழப்பத்திலும் ஆண்கள் பெண்ணின் தோலில் உள்ள வேதிப்பொருளை நாக்கால் உணர்ந்து, பெரிய பெண்ணா சின்னப் பெண்ணா என்று பிரித்தறிகின்றன. பெரியதையே அதிகம் நாடுகின்றன.

எல்லா ஆணும் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் அடுத்த விஷயம். சின்ன ஆண் பாம்புகள் சின்னப் பெண்களை நாடுகின்றன. ரசனைக் குறைவு என்று தோன்றும். ஆனால் பெரிய பெண்ணைச் சுற்றி ஏற்கெனவே பத்துப் பெரிய ஆண்கள் கிடக்கும்போது அங்கே சின்ன ஆணுக்கு என்ன வாய்ப்பு? ரயில் நிலையத்தில் ஒரு கவுண்டரில் கூட்டம் அலைமோதினால், கொஞ்சம் மெதுவாக வேலை நடந்தாலும் ஆளில்லாத பக்கத்துக் கவுண்டருக்குப் போகிறோம் அல்லவா, அந்தக் கணக்கு.

மரியா செர்வெடியோவும் ரஸ்ஸல் லாண்டேயும் 2006-இல் இதைக் கணித மாதிரியாக எழுதிக் காட்டினார்கள். பெண் தேர்வுக்கும் ஆண் தேர்வுக்கும் நடுவில் இருக்கும் சமச்சீரின்மை அதில் அழகாகத் தெரியும். ஒரு பெண் மயில் அழகான ஆணைத் தேர்ந்தெடுத்தால், இன்னும் பத்துப் பெண்கள் அதையே தேர்ந்தெடுத்தாலும் அவளுக்குப் பெரிய நஷ்டமில்லை, அவள் முட்டைகள் எல்லாம் கருவுற்றுவிடும். ஆணுக்கு அப்படியில்லை. எல்லா ஆண்களும் ஒரே பெண்ணை விரும்பினால் அந்தப் பெண்ணின் முட்டைகளை அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். விருப்பமே இல்லாத ஆண் யாரும் கவனிக்காத பெண்களிடம் போய்ப் போட்டியில்லாமல் குஞ்சு பெற்றுக்கொள்ளும். ஆகவே ஆணின் விருப்பத்துக்கு உரிய மரபணு, தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. வெறும் அழகுக்காக ஓர் ஆண் விருப்பம் நிலைப்பது கடினம். அந்தப் பெண்ணிடம் உண்மையாகவே முட்டை அதிகமாக இருந்து, போட்டியினால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டினால்தான் அது நிலைக்கும். பெண் மயில்களுக்குத் தோகை இல்லாததற்கு எல்லாரும் சொல்லும் காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போட்டியாளரின் கண்ணுக்கு ஆண் எவ்வளவு பயப்படுகிறது என்பதை மார்ட்டின் பிளாத்தும் சகாக்களும் 2008-இல் மெக்சிகோவின் மோலி மீன்களில் காட்டினார்கள். நம் ஊர் மீன் கடைகளில் கிடைக்கும் மோலிகளின் உறவுதான். ஓர் ஆணுக்கு இரண்டு பெண்களைக் காட்டி, எதை விரும்புகிறது என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு இன்னோர் ஆணைக் கண்ணில் படும்படி வைத்தார்கள். உடனே முதல் ஆண், தான் முன்பு விரும்பாத பெண்ணிடம் முதலில் போனது. மோலி ஆண்கள் மற்ற ஆண்களின் தேர்வைப் பார்த்துக் காப்பியடிக்கும் வழக்கமுடையவை. அதனால் இது போட்டியாளரைத் திசைதிருப்பும் தந்திரம் என்று விளக்கினார்கள். மீனுக்கு மனத்தில் திட்டம் இருந்ததா என்பது வேறு கேள்வி, அதற்குள் நான் போகவில்லை. திட்டமில்லாமலே இந்த நடத்தை லாபம் தரும் என்பது போதும்.

மூன்று காரணங்களும் ஒரே பருவத்துக்குள் மாறுவதைப் பார்க்க ஸ்வீடனின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். அங்கே ஆழமில்லாத கடலில் வாழும் இரட்டைப்புள்ளி கோபி என்ற மீன் விரல் நீளம்கூட இருக்காது, ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். ஆண்தான் கூடு பிடித்து முட்டைகளைக் காவல் காக்கும். மே மாதத்தில் ஆண்கள் ஏராளம். அவை துடுப்பை விரித்து ஆடிப் பெண்களைக் கூப்பிடும், ஒன்றை ஒன்று விரட்டும். பருவம் போகப் போக ஆண்களின் எண்ணிக்கை சரிகிறது, மிச்சமிருக்கும் ஆண்களின் கூடுகளில் முட்டை நிறைந்திருக்கிறது. ஜூலை வாக்கில் முட்டை முற்றிய பெண்கள் கூட்டமாக ஓர் ஆணைச் சுற்றி நின்று, உடலை வளைத்து வயிற்றைக் காட்டிக் காதல் செய்கின்றன. ஃபோர்ஸ்கிரென், அமுண்ட்சென் குழுவினர் 2004-இல் இதை வெளியிட்டார்கள். அந்த வயிறும் சும்மா இல்லை. தோல் மெல்லியது, உள்ளே இருக்கும் முட்டைகளின் ஆரஞ்சு நிறம் வெளியே தெரியும். இரண்டு பெண்களைக் காட்டினால் ஆண் நிறம் கூடியதையே அதிகம் நாடுகிறது என்று அவர்கள் 2001-லேயே காட்டியிருந்தார்கள். இந்த இனத்தில் தேர்வு செய்வது ஆணா பெண்ணா என்று கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆண் குஞ்சைப் பார்த்துக்கொள்கிறது என்றாலே அங்கே ஆண் தேர்வு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஏரிகளில் அல்லி இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைப் பாருங்கள். பெண் பெரியது, பல ஆண்களோடு சேரும், அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் ஆணின் வேலை. பெண்கள் எல்லைக்காக ஒன்றோடொன்று சண்டை போடும். பெண்கள் போட்டி போடுவது உண்மை. ஆனால் அதற்காக ஆண் நின்று தேர்ந்தெடுக்கிறது என்று பொருளில்லை. அதன் உறவான தாமரை இலைக்கோழியில், ஒரே பெண்ணின் எல்லைக்குள் இருக்கும் ஆண்கள் அவள் கவனத்தைப் பெறப் போட்டி போட்டுக் கத்துகின்றன என்று 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. கடல்குதிரையும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கும் கடல்குதிரையின் வயிற்றுப் பையில் குஞ்சு சுமப்பது ஆண். ஆனாலும் கடல்குதிரைகளில் இணைக்காக அதிகம் போட்டி போடுவது பெண்ணல்ல, ஆண். குஞ்சு சுமப்பவர் யார் என்பதைவிட, ஒரு சுற்று முடித்து அடுத்ததற்கு யார் சீக்கிரம் தயாராகிறார் என்பதே முக்கியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரெட்பேக் சிலந்தியில் ஆண் இணைசேரும்போதே குட்டிக்கரணம் போட்டுத் தன் வயிற்றைப் பெண்ணின் வாய்க்குக் கொண்டுபோகும். பெண் பெரும்பாலும் தின்றுவிடும். அப்படித் தின்னப்பட்ட ஆண்களுக்கே முட்டைகளில் அதிகப் பங்கு கிடைக்கிறது என்று மெய்டியன் ஆண்ட்ரேட் 1996-இல் காட்டினார். உயிரையே கொடுக்கும் ஆண் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்! ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்ணா இல்லையா என்று வலையின் பட்டிழையில் உள்ள வாசனையை வைத்தே அது தெரிந்துகொள்ளும், சேராத பெண்ணை நாடும். ஆனால் பெண்ணைத் தேடிக் கிளம்பும் ஆண்களில் பத்துக்கு எட்டு ஒரு பெண்ணைக்கூடக் கண்டுபிடிக்காமலே செத்துப்போகின்றன. அப்படிப்பட்ட உலகில், கிடைத்த ஒன்றை வேண்டாம் என்று தள்ளுவது பெரிய சூதாட்டம். செலவு அதிகமாக இருந்தால் மட்டும் போதாது, தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேல் கண்ணில் படவும் வேண்டும்.

சரி, ஆண் பெண்ணை மறுக்கவே இல்லை என்றால் தேர்வு இல்லை என்று அர்த்தமா? இல்லை. இந்த இடத்தில்தான் பல வருடங்களாக ஆய்வாளர்கள் கோட்டைவிட்டார்கள். சேவலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோழி வந்தாலும் மிதிக்கும் என்பதுதான் அதன் பெயர். டொமாசோ பிட்சாரி குழுவினர் 2003-இல், சேவல் ஒவ்வொரு முறையும் எவ்வளவு விந்து விடுகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஒரே கோழியோடு திரும்பத் திரும்பச் சேரும்போது அளவு குறைந்துகொண்டே வந்தது, புதுக் கோழி வந்ததும் கூடியது. பெரிய கொண்டையுள்ள கோழிக்கு அதிகம் கிடைத்தது. பெரிய கொண்டைக்காரிகள் முட்டைகளில் அதிகம் முதலீடு செய்பவை. சேவல் யாரையும் மறுக்கவில்லை, அளவில் தேர்வு செய்கிறது. முற்றத்தில் நின்று பார்க்கிற நமக்கு இது தெரியவே தெரியாது.

கடல்குதிரையின் உறவான குழல்மீனில் தேர்வு இணைசேர்ந்த பிறகும் நடக்கிறது. மெக்சிகோ வளைகுடாவின் குழல்மீனில் ஆண் தன் பையில் முட்டைகளைச் சுமக்கும், பெரிய பெண்ணைக் கண்டால் சீக்கிரம் சேரும், சின்னப் பெண் என்றால் இழுத்தடிக்கும். பாக்சோல்ட்டும் ஜோன்ஸும் 2010-இல் பையைத் தொடர்ந்து கவனித்தபோது, பெரிய பெண் தந்த முட்டைகள் அதிக அளவில் பிழைத்தன, சின்னப் பெண்ணுடையவை அதிகம் வீணாயின. ஒரு சுற்றில் பெரிய பெண்ணின் குஞ்சுகளை நன்றாக வளர்த்த ஆணுக்கு அடுத்த சுற்றில் பிழைத்தவை குறைவு. ஆணின் கர்ப்பத்துக்குள்ளேயே தேர்வு நடக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

ஆண் தேர்ந்தெடுத்தால் பெண்ணுக்கும் அலங்காரம் வர வேண்டுமே, ஏன் அரிதாக இருக்கிறது? ஒரு காரணத்தை மேலே சொன்னேன். இன்னொன்று, அலங்காரத்துக்குச் செலவழிக்கும் சத்து முட்டையிலிருந்து கழியும். எந்த முட்டைக்காக ஆண் அவளைத் தேடி வருகிறதோ அதையே குறைத்துக்கொண்டு அவள் அழகாவதில் லாபமில்லை. விதிவிலக்கு எங்கே என்றால், பெண்ணுக்கு ஆணிடமிருந்து உணவு கிடைத்தே ஆக வேண்டிய இடங்களில். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நீளவால் நடன ஈ என்று ஒன்று இருக்கிறது. பெண் ஈ தானாக வேட்டையாடுவதில்லை. முட்டை முற்றப் புரதம் வேண்டும், அது ஆண் கொண்டுவரும் இரையில்தான் இருக்கிறது. அந்தி நேரத்தில் மரங்களுக்கு இடையில் திறந்த வானம் தெரியும் இடத்தில் பெண்கள் கூட்டமாக மிதக்கும். மேலே வருவதற்கு முன் காற்றை விழுங்கி வயிற்றின் ஓரப் பைகளை பலூன்போல் உப்பவைத்துக்கொள்ளும். கால்களில் இறகுபோல் செதில் வரிசை, அவற்றை வயிற்றை ஒட்டி மடித்து வைத்தால் உருவம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஆண் இரையைத் தூக்கிக்கொண்டு கீழிருந்து மேலே வரும், மங்கும் வானத்தின் பின்னணியில் கறுத்துத் தெரியும் உருவங்களில் பெரியதைப் பார்த்துப் போகும். ஃபங்க், டலாமி இருவரும் 2000-இல் இந்த வயிறுகளைத் திறந்து பார்த்தார்கள். உப்பிய வயிற்றுக்கும் உள்ளே முட்டை முற்றியிருப்பதற்கும் சம்பந்தமில்லை. முட்டையே வளராத பெண்ணும் நிறைமாதம்போல உப்பிக்கொண்டு இரையை வாங்கிக்கொள்கிறது.

ஆணின் தேர்வு இருப்பதால்தான் இந்தப் பொய்க்குச் சந்தை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஒரு கும்பிடுபூச்சியில் நன்றாகச் சாப்பிட்ட பெண்ணைவிட, பட்டினியில் மெலிந்த பெண்ணே அதிக ஆண்களை வாசனையால் இழுக்கிறது என்று 2015-இல் காட்டப்பட்டது. வரும் ஆண்களைத் தின்பதற்கு. பெண்கள் மேல் ஆண் தேர்வு சுமத்தும் தீங்கும் உண்டு. பழ ஈயில் ஆண்கள் பெரிய, முட்டை நிறைந்த பெண்களையே துரத்துகின்றன. அந்தத் துரத்தலும் இணைசேர்வதும் பெண்ணுக்கு உடல்ரீதியாகக் கேடு. விளைவாக, அதிகக் குஞ்சு பெற வேண்டிய பெண்ணே அதிகம் பாதிக்கப்பட்டு அவளுடைய மேன்மை கரைகிறது. நல்ல மரபணு பரவும் வேகத்தையே ஆண்களின் விருப்பம் குறைக்கலாம் என்று 2009-இல் டிரிஸ்டன் லாங் குழுவினர் காட்டினார்கள். தேர்வு என்றாலே இனத்துக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பறவைகளில் இருவரும் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் இனங்களில் இரண்டு பக்கமும் தேர்வு இருப்பது சகஜம். அலாஸ்காப் பக்கம் வாழும் கொண்டை ஆக்லெட் என்ற கடல்பறவையில் ஆண் பெண் இருவருக்கும் நெற்றியில் கொண்டை உண்டு. நீண்ட கொண்டை வைத்த பொம்மைகளை வைத்தபோது இரு பாலும் அவற்றிடமே அதிகம் காதல் காட்டின என்று 1993-இல் வெளிவந்தது. இதில் பெரிய புதிர் எதுவும் இல்லை.

பாலூட்டிகளுக்கு வந்தால் கென்யாவின் மசாய் மாராவில் டோப்பி என்ற இரலை. ஆண்கள் ஓரிடத்தில் கூடி நிற்கும், பெண்களுக்கு வருடத்தில் ஏறக்குறைய ஒரு நாள்தான் சூட்டுக்காலம். எல்லாப் பெண்களும் நடுவில் நிற்கும் சில ஆண்களையே தேடி வருவதால் அவை களைத்துப்போகும், விந்து தீரும். அப்போது ஆண், முன்பு சேர்ந்த பெண்ணை விட்டுப் புதியவளைத் தேர்ந்தெடுக்கிறது. விடாமல் வரும் பழைய பெண்ணை முட்டித் துரத்துகிறது. பெண்ணும் விடுவதில்லை, மற்றவள் இணைசேரும்போது குறுக்கே புகுந்து தாக்குகிறது. ப்ரோ-யோர்கென்சன் 2007-இல் எழுதிய இந்தக் காட்சி, பழைய பாடத்துக்கு அப்படியே எதிர்.

மனிதரைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள், அதனால் சிம்பன்சியைச் சொல்கிறேன். உகாண்டாவின் கிபாலே காட்டில் ஆண் சிம்பன்சிகள் வயது கூடிய தாய்களையே அதிகம் நாடுகின்றன, அவர்களுக்காகவே அதிகம் சண்டை போடுகின்றன என்று முல்லர் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். சிம்பன்சி ஆணுக்கு நீண்டகாலத் துணை கிடையாது, இன்றைக்கு இந்தப் பெண் குட்டி பெறுவாளா, வளர்ப்பாளா என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே வளர்த்துக் காட்டியவள்மேல் நம்பிக்கை அதிகம். இளமைக்கு மயங்குவது ஆணின் இயற்கை என்று மேடையில் சொல்பவர்கள், நமக்கு மிக நெருங்கிய உறவினர் அப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரங்குகளில் அவசர முடிவுகளும் உண்டு. பபூன் என்ற குரங்கினத்தில் பெண்ணின் பின்புற வீக்கம் பெரிதாக இருந்தால் ஆண்கள் விரும்புகின்றன என்று 2001-இல் தான்சானியாவின் கோம்பேயிலிருந்து வந்த முடிவு வெகுவாகப் பேசப்பட்டது. 2015-இல் கென்யாவின் அம்போசெலியில் பார்த்தபோது ஆண்கள் வீக்கத்தின் அளவைப் பொருட்படுத்தவில்லை. முந்தைய கர்ப்பத்துக்குப் பிறகு எத்தனை மாதவிடாய்ச் சுழற்சி கடந்தவள் என்பதைத்தான் பார்த்தன. சுழற்சி கூடக் கூடக் கருத்தரிக்க வாய்ப்பும் கூடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கொசுப்புழு தின்னத் தொட்டிகளில் விடும் கப்பி மீன் போதும். பூர்வீகம் டிரினிடாட் பக்கம் என்றாலும் இப்போது நம் ஊர் மீன்தான். ஆண் கப்பி பெண்ணின் முன்னால் உடலை எஸ் வடிவில் வளைத்து நடுங்குவதைக் கவனியுங்கள், எந்தப் பெண்ணிடம் அதிகம் செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெரிய பெண்ணாக இருக்கும். சில நாள் கழித்துப் புதுப் பெண் ஒன்றைத் தொட்டியில் விட்டால் பழகியவளை விட்டு அதனிடம் போகும், இது 1999-லேயே சோதித்துப் பார்த்த விஷயம். பிறகு ஆண்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முன்பு குறித்த விருப்பம் அப்படியே இருக்கிறதா, சின்ன ஆண்கள் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள். ஒரே தொட்டியை வைத்துப் பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாதுதான். ஒவ்வொரு முறையும் அதே பெண், அதே நேரம், அதே தண்ணீர்ச் சூடு என்று வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதியாக இருக்கும்.